புதிதாய்ப் பதித்த புற்றரையை வேரூன்றச் செய்தல் : சாத்தாங்காட்டு உவர்நிலங்களை முன்னிட்டு ஒரு பாடம்

மணமக்களை வாழ்த்துங்கால், ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றுக என்று கூறுதல் நம்மவர் வழக்கம். அருகம்புல்லின் பெருமை அதன் தழையில் இல்லை, வேரிலேயே இருக்கிறது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். புற்றரை போடுவோரிற் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். வண்டியில் வந்திறங்கிய புல் பத்தைகளைப் பச்சைப் பட்டு விரித்தாற்போல் பரப்பி முடித்தவுடன் வேலை தீர்ந்ததென்று கருதிவிடுகின்றனர். பத்தாம் நாள் ஓரங்கள் சுருளுகின்றன. இருபதாம் நாள் நடுப்பகுதியும் வைக்கோல் நிறமடைகிறது. உடனே தண்ணீரை மேலும் மேலும் பாய்ச்சுவர்; யூரியாவையும் இறைப்பர். இவ்விரண்டினாலும் எஞ்சியிருந்த புல்லும் அழிந்து, இட்ட பணமும் நல்ல நீரும் ஒருங்கே வீணாகின்றன.

பள்ளிக்கூட மைதானம், குளக்கரை, ஆலயத்தின் வெளிப்பிரகாரம், தொழிற்சாலை முற்றம், வீட்டு வாசல் ஆகிய எவ்விடத்திலாயினும் புதுப் புற்றரை ஒன்று வாடத் தொடங்கினால் அதனை மீட்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள். உதாரணமாக எடுத்துக்கொண்ட ஊர் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரை அடுத்துள்ள சாத்தாங்காடு. அங்கே பிழைக்கும் புல் வேறெங்கும் பிழைக்குமென்று கூறலாம். ஏனெனில், புல்லுக்குரிய இடையூறுகள் பலவும் அவ்வூரில் ஒன்றுகூடியிருக்கின்றன.

நிலத்தின் இயல்பு

சாத்தாங்காட்டுக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் அதற்கப்பால் வங்கக் கடலும், மேற்கே மணலியின் ஆலைகளும், வடக்கே கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகமும் உள்ளன. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான கால்வாய்ப் பகுதி 1806-ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கப்பெற்றது. பக்கிங்காம் என்னும் பெயர் 1878-இல் வழங்கலாயிற்று. கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்ட கால்வாயாதலின் அதன் நீர் உவர்நீர். இந்நாளில் கழிவுநீரும் அதிற் கலந்துள்ளது. அந்நீரைப் புல்லுக்கு இறைத்தல் ஒருபோதும் கூடாது.

கிணற்று நீரிலும் எச்சரிக்கை வேண்டும். இதற்கு வடக்கேயுள்ள மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததனால் கடல்நீர் உள்ளே புகுந்தமை 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. கடலோரக் கிணறுகளில் நேற்று இனித்த நீர் இன்று கரிப்பதற்கு இதுவே காரணம். ஆகையால் பக்கத்து வீட்டுக் கிணற்றை நம்பித் தம் கிணற்றையும் நல்லதென்று கொள்ளலாகாது.

மூன்றாவதாக, சாத்தாங்காட்டில் இரும்பு எஃகு அங்காடி ஏற்பட்டதிலிருந்து கனத்த லாரிகள் இடையறாது ஓடுகின்றன. தாழ்ந்த மனைகளைக் கட்டட இடிபாடுகளால் மேடாக்குதலும் எங்குங் காணப்படுகிறது. சக்கரத்தால் இறுகிய மண்ணில் காற்றும் நீரும் புகுவதில்லை. இடிபாட்டிலுள்ள சுண்ணாம்பும் சிமிட்டியும் மண்ணின் காரத்தை உயர்த்திவிடுகின்றன. இத்தகைய தரையின்மேல் ஒரு சாண் நல்ல மண்ணேனும் இடாமல் புல்லைப் பரப்பினால், அது பாறைமேற் பாய் விரித்தது போலாகும்.

வேரறுந்த புல்லின் நிலைமை

புல் பத்தையென்பது அரை முதல் ஓர் அங்குலக் கனமுள்ள மண்ணோடு வெட்டியெடுத்த புல் துண்டு. வெட்டும்போது அதன் வேரிற் பெரும்பகுதி பழைய நிலத்திலேயே தங்கிவிடுகிறது. இலைகள் முன்போலவே நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்க, உறிஞ்சும் வேரோ மிகச் சிறிது. இந்த வரவு செலவுக் குறைவைப் புதுவேர் இறங்கும்வரை நாம் ஈடுசெய்தல் வேண்டும். பத்தைகளை அடுக்கிவைத்தால் உள்ளே வெப்பமேறிப் புல் வெந்துபோகும். ஆதலின் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அவற்றைப் பதித்துவிடுதல் நலம். கோடையில் அன்றைக்கன்றே பதித்தல் வேண்டும்.

புதுவேர் இறங்கியதா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. பதித்த 10-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் இடையே பத்தையின் மூலையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்க்கவும். எதிர்த்து நின்றால் வேர் பிடித்துவிட்டது. பாய்போல் எழும்பினால் அடிப்புறத்தைப் பார்க்கவும். வெண்ணிற நுனிகள் தோன்றியிருந்தால் பொறுமையாயிருக்கலாம். வேர் பழுப்பேறி நாற்றமடித்தால் நீர் மிகுந்துவிட்டது. உலர்ந்து நூல்போல் ஒடிந்தால் நீர் போதவில்லை, அல்லது பத்தைக்கும் தரைக்கும் இடையே வெற்றிடம் உள்ளது.

குறிகளைக் கொண்டு காரணம் அறிதல்

மருந்திடுமுன் நோயறிதல் அவசியம். மஞ்சள் நிறம் ஒன்றேயாயினும் அதன் காரணங்கள் பல.

1. இலை மடிந்து நீலம் பாய்ந்த சாம்பல் நிறமுற்று, மிதித்த அடிச்சுவடு நெடுநேரம் மறையாதிருந்தால், அது தாகம். 

2. தரை எப்போதும் சொதசொதவென்றிருந்து, மண் கறுத்து நாறினால், அது நீர்த் தேக்கம். 

3. நீர் குறையாதிருந்தும் இலை நுனிகள் மட்டும் தீய்ந்து, வெயில் நாட்களில் தரைமேல் வெள்ளைப் பூப்புத் தோன்றினால், அது உப்பு. 

4. புதுத் தளிர்கள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாயிருந்தால், அது இரும்புச்சத்துக் குறைவு. 

5. முதிர்ந்த அடியிலைகள் முதலில் வெளுத்தால், அது தழைச்சத்துக் குறைவு. 

6. ஓரங்கள் மட்டும் காய்ந்து நடுப்பகுதி பச்சையாயிருந்தால், இணைப்புகளின் வழியே காற்றுப் புகுந்து வேர் உலர்கிறது. 

7. ஒரு மாதத்துக்குப் பின்னும் பத்தை பாய்போல் உரிந்து வந்து, கீழே வளைந்த வெண்புழுக்களோ கரையானோ தென்பட்டால், வேர் தின்னப்படுகிறது.

தண்ணீர் விடும் முறை

பதித்த அன்று ஒரு முறை நன்றாக நனைத்தல் வேண்டும். பத்தையைத் தாண்டிக் கீழ்மண்ணும் 4 முதல் 6 அங்குல ஆழம் ஈரமாதல் அவசியம். இதற்குச் சென்ட் ஒன்றுக்கு 800 முதல் 1,000 லிட்டர் வரை செல்லும். அதன் பின்னர் வெயில் நாட்களில் நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீர் போதுமானது. அஃதாவது சென்ட் ஒன்றுக்கு 200 லிட்டர். 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் 13 அல்லது 14 குடம். முதல் 10 நாட்களில் இந்த அளவைக் காலையிலும் பிற்பகலிலுமாகப் பிரித்து விடுக. இரண்டாம் வாரம் முதல் காலையில் ஒரே தடவையாகவும், மூன்றாம் வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளும், ஒரு மாதத்துக்குப் பின் வாரத்துக்கு இருமுறை ஆழமாகவும் விடுக.

இடைவெளியைப் படிப்படியாய் நீட்டுவதற்குக் காரணம் உண்டு. மேல்மண் எப்போதும் நனைந்திருந்தால் வேருக்குக் கீழே செல்லவேண்டிய தேவையில்லை. மேல்மண் சிறிது உலர்ந்து கீழ்மண் ஈரமாயிருந்தால் வேர் அவ்வீரத்தைத் தேடி இறங்கும். சாயங்காலம் இருட்டியபின் நீர் விடுதல் நன்றன்று. இரவு முழுதும் இலை நனைந்திருந்தால் பூஞ்சண நோய்க்கு இடமாகும்.

உப்பை அளத்தலும் கழுவுதலும்

நாவால் ருசித்து நீரின் தன்மையை நிச்சயித்தல் போதாது. அரை லிட்டர் நீரைச் சுத்தமான குப்பியில் எடுத்து, அரையடி ஆழம்வரையுள்ள மண்ணின் மாதிரியோடு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புக. நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமனுக்கு உட்பட்டதாயின் தடையின்றி உபயோகிக்கலாம். 0.7 முதல் 3 வரை இருப்பின், வடிகால் வசதியோடும் உப்பைத் தாங்கும் புல்லோடும் எச்சரிக்கையாய்க் கையாளலாம். மூன்றுக்கு மேற்படின் புதுப் புற்றரைக்கு அந்நீர் ஆகாது. அருகம்புல் வேரூன்றிய பின்னரே உப்பைத் தாங்கும். வேரிழந்த நிலையில் அதுவும் மெலிந்ததே.

மண்ணில் உப்பு மிகுந்திருந்தால் அதனை வெளியேற்ற மருந்தெதுவும் இல்லை. நல்ல நீர் ஒன்றே வழி. ஓரடி ஆழமுள்ள மண்ணின் வழியே அரையடி நீர் வடிந்து சென்றால் ஏறக்குறையப் பாதி உப்பும், ஓரடி நீர் வடிந்தால் ஐந்தில் நான்கு பங்கும் நீங்குமென்பது கண்டறிந்த கணக்கு. அரையடி நீரென்பது சென்ட் ஒன்றுக்குச் சுமார் 6,000 லிட்டர். இதனை விலைகொடுத்து வாங்கிய லாரித் தண்ணீரால் செய்தல் எவருக்கும் கட்டுபடியாகாது. ஆனால் சென்னையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிற் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஐப்பசி கார்த்திகை மழையே செலவில்லாத உப்புக் கழுவி. அந்நீர் வடிந்து செல்ல வழி செய்துவைப்பதுதான் நம் வேலை. தரையை 6 முதல் 9 அங்குலம் உயர்த்தி, 100 அடிக்கு ஓரடி சரிவு கொடுத்து, சுற்றிலும் ஓரடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்தால் உப்பு தானே வெளியேறும். வடிகாலில்லாத இடத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் உப்பு கீழிறங்கி நின்று, கோடையில் மறுபடி மேலேறிவிடும்.

ஜிப்ஸம் இட்டால் உப்புப் போகுமென்று பலர் நம்புகின்றனர். அது சோடியம் மிகுந்து இறுகிப்போன களர் மண்ணுக்கே உரியது. வெறும் உவர்மண்ணில் ஜிப்ஸத்தால் பயனில்லை. பரிசோதனை அறிக்கையில் குறித்திருந்தாலன்றி அதனை வாங்கவேண்டாம்.

இறுகிய மண்ணைத் திறத்தல்

வாடிய புற்றரையை முழுதும் பெயர்த்தெடுப்பதற்கு முன், நுனி கூரிய இரும்புக் கம்பியால் 4 அங்குல ஆழத்துக்கு, 4 முதல் 6 அங்குல இடைவெளியில் துளைகள் இடுக. ஈரம் மிதமாயுள்ள நாளில் இதனைச் செய்தல் வேண்டும். சேறாயிருக்கும்போது செய்தால் துளையின் சுவர் மெழுகினாற்போல் அடைந்துவிடும். பின்னர் சலித்த மணல் இரு பங்கும் மட்கிய தொழு எரு ஒரு பங்கும் கலந்து, கால் அங்குலத்துக்கு மிகாமல் தூவி, தென்னந் துடைப்பத்தால் பெருக்கித் துளைகளிலும் இணைப்புகளிலும் இறக்குக. சென்ட் ஒன்றுக்கு 9 கன அடி கலவை வேண்டும். புல்லின் நுனி வெளியே தெரிதல் அவசியம், மூடினால் அழுகிப்போகும். கடற்கரை மணலை எடுத்தல் சட்டத்துக்கும் மாறு, புல்லுக்கும் பகை. கழுவிய ஆற்றுமணலோ கல்லுடைத்த மணலோ ஏற்றது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. களிமண்ணில் வளர்ந்த பத்தையை வெறும் மணலின்மேற் பதித்தால் நீர் களியிலேயே தங்கி மணலுக்குள் எளிதில் இறங்குவதில்லை. வேரும் எல்லையைத் தாண்டத் தயங்குகிறது. ஆதலின் பத்தை வாங்குங்கால் அதன் அடிமண் நம் தரையின் மண்ணை ஒத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் விவேகம். கோரைக் கிழங்கு கலந்திருக்கிறதா என்றும் உடைத்துப் பார்க்கவேண்டும். ஒரு கிழங்கு வந்தால் வருஷக்கணக்கில் தொல்லை.

உரமும் அன்னபேதியும்

முதல் மூன்று வாரங்களில் எவ்வித ரஸாயன உரமும் இடவேண்டாம். வேரில்லாத புல்லுக்கு உரம் உப்பாகவே தாக்கும். மூலையைத் தூக்கிப் பார்த்து வேர் பிடித்ததென்று தெரிந்தபின், சென்ட் ஒன்றுக்கு 200 கிராம் யூரியாவை 200 லிட்டர் நீரிற் கரைத்து வெயில் தாழ்ந்தபின் தெளித்து, உடனே சிறிது நல்ல நீரால் இலைகளைக் கழுவிவிடுக. ஒரு மாதம் கழித்து மறுமுறை இடலாம். 1966-இல் மணலியில் நிறுவப்பெற்ற உரத் தொழிற்சாலை அண்மையிலேயே இருப்பதனால் யூரியா எளிதிற் கிடைக்கிறதென்பது அதிகமாய் இடுவதற்குக் காரணமாகாது.

இரும்புச்சத்துக் குறைவுக்கு அன்னபேதி நல்ல மருந்து. லிட்டருக்கு 5 கிராம் கரைத்துக் காலையிலோ மாலையிலோ இலைமேல் தெளித்தால் சில தினங்களில் பசுமை திரும்பும். சிமிட்டித் தரைமேல் பட்டால் கறை பிடிக்கும், கவனம் தேவை. இரும்பே மலைபோற் குவிந்துள்ள ஊரிற் புல்லுக்கு இரும்பு போதாமை எவ்வாறெனச் சிலர் வினவலாம். துருவும் செதிளும் நீரிற் கரையா. சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் உள்ள இரும்பும் கரையாமல் அடைபட்டுவிடுகிறது. கரைந்தாலன்றி வேர் அதனை உண்ணமாட்டாது. ஆகவே துருப்பிடித்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டுதலால் யாதொரு நன்மையுமில்லை.

வேர்ப்புழு, கரையான் தென்பட்டால் சென்ட் ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கி இட்டு நீர் பாய்ச்சுக.

மிதித்தலும் முதல் வெட்டும்

ஒரு மாதம் வரை புற்றரையில் விளையாட்டு, கூட்டம், ஆடு மாடு யாவும் விலக்கற்பாலன. பள்ளி மைதானமாயின் கோடை விடுமுறையை நம்பிச் சித்திரையிற் பதிப்பது வழக்கமாயுள்ளது. பிள்ளைகள் இல்லாமை வசதியேயாயினும், கத்திரி வெயிலில் புல்லுக்கு அதுவே மரணகாலம். மைதானத்தை இரண்டு பாதியாகப் பிரித்துத் தை மாதத்தில் ஒரு பாதியை வேலியிட்டுப் பதித்து, அது தாங்கும் நிலை அடைந்தபின் மறுபாதியைப் பதித்தல் மேல்.

புல் 3 அங்குலம் வளர்ந்து, பிடித்திழுத்தாலும் பத்தை அசையாதிருந்தால் முதல் வெட்டுச் செய்யலாம். உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டலாகாது. கத்தி கூராயிருத்தல் வேண்டும்; மழுங்கிய கத்தி வேரோடு பிய்த்துவிடும்.

பதிக்குங் காலமும் புல்லின் தேர்வும்

உப்பு மழையாற் கழுவப்பட்டு வெயில் தணிந்திருக்கும் தை, மாசி மாதங்கள் சாத்தாங்காட்டுக்குச் சாலச் சிறந்தவை. ஆடி, ஆவணியில் மாலை மழை துணைசெய்யும். ஐப்பசியிற் பதித்தால் வெள்ளம் பத்தைகளை மிதக்கச் செய்யலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்த வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்திலும் அதனையடுத்த குடியிருப்புகளிலும் எண்ணெய் பரவியதை இப்பக்கத்தார் மறந்திரார். எண்ணெய் படிந்த புல்லை மீட்க முயலுதல் வீண். வேளாண்மைத் துறையாரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரிடமும் தெரிவித்து, அவர்கள் கூறும் முறைப்படி மேல்மண்ணோடு அகற்றிவிட வேண்டும்.

வெயில் நன்கு படுமிடத்துக்கு அருகு முதன்மையானது. மிதிபட்டாலும் விரைவில் தழைக்கும். கொரியன் புல் அழகிற் சிறந்ததாயினும் மெதுவாகவே படரும். புண்பட்டால் ஆற நாளாகும். மரநிழலுக்கு எருமைப்புல் ஓரளவு ஏற்றது. உப்பு மிகுந்த இடத்தில் கடற்கரைப் பாஸ்பலம் என்னும் புல் மற்றவற்றினும் மேலாய்த் தாங்குகிறது.

புற்றரையிற் பாதிக்கு மேல் பச்சையிருந்தால் மேற்கூறிய சிகிச்சையே போதும். பாதிக்கு மேல் உலர்ந்து, கீறிப் பார்த்தால் தண்டுக்கணுக்களும் பழுத்து ஒடிந்தால், புதுப் பத்தை வாங்க ஓடவேண்டாம். உயிருள்ள பகுதியிலிருந்து இரண்டு மூன்று கணுவுள்ள அருகந் தண்டுகளை எடுத்து, திருத்திய மண்ணில் 3 அல்லது 4 அங்குல இடைவெளியில் நட்டுவந்தால், ஈரமும் வெயிலும் வாய்க்குமிடத்து இரண்டு மூன்று மாதங்களில் தரை மூடிவிடும். செலவு பத்தைக்காவதிற் சிறு பங்கே.

நிலமுடையோர்க்கும் கிராம அதிகாரிகளுக்கும்

நகரத்தின் தேவையைக் கண்டு புல் பத்தையைப் பயிராக வளர்த்து விற்போர் பெருகிவருகின்றனர். இலாபமுள்ள தொழிலே, ஆயினும் விற்பது புல் மட்டுமன்று, மண்ணும் என்பதை நினைவிற் கொள்க. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மண் என்பது 100 கன மீட்டருக்கு மேற்பட்டது. எடையில் ஏறக்குறைய 130 டன். ஒவ்வோர் அறுப்பிலும் இவ்வளவு மேல்மண் போனால், தகப்பன் விட்ட வயலை மகன் காணமாட்டான். அரை அங்குலத்துக்கு மேல் மண்ணை எடாமலும், அறுத்த பிறகு தொழு எருவும் அனுமதிபெற்ற வண்டலும் இட்டு ஈடுசெய்தும், ஓரிரு வரிசைப் புல்லை நிலத்திலேயே விட்டும் நடத்தினால் தொழில் நிலைக்கும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் உள்ளாட்சி ஊழியர்களும் மற்றொன்றைக் கவனித்தல் வேண்டும். விலைக்கு வாங்குவதற்குப் பதிலாக ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் தானாய் வளர்ந்த அருகை இரவில் செதுக்கி விற்பவர் உண்டு. கரையின் மண்ணைப் பிணித்து வைத்திருப்பது அவ்வருகின் வேரே. அங்கே பத்தடி செதுக்கப்பட்டால் அடுத்த மழையில் நீர் அவ்வழியே கரையை அரிக்கும். ஒருவர் வாசற்புறம் பசுமையாவதற்காக ஊரார் கரை உடையலாகாது. செதுக்கிய இடம் கண்டால் உடனே அருகந் தண்டுகளை நெருக்கமாய் நட்டு, மழைக்கு முன் அவை வேரூன்றும்படி நீர் விடச் செய்தல் வேண்டும்.

நன்னீர் அரிதான ஊரில் வேண்டுமளவுக்கே புற்றரை போடுதல் அறிவுடைமை. நாற்பது சென்டை அரைகுறையாய்ப் பசுமையாக்கிக் கோடையில் இழப்பதினும், பிள்ளைகள் விளையாடும் பத்துச் சென்டை முறைப்படி பதித்து வருஷமெல்லாம் காப்பாற்றுதல் நன்று. பதிக்குமுன் நீரையும் மண்ணையும் பரிசோதித்து, வடிகால் எடுத்து, தை மாதத்துக்குக் காத்திருந்து, பதித்த பின் மூலையைத் தூக்கிப் பார்த்து நடந்துகொள்பவர்க்குச் சாத்தாங்காட்டு உவர்நிலத்திலும் அருகு வேரூன்றும்.